விண்டோஸ் 10 போன பிறகு: ரிச்சி தெருவில் நேரில் பார்த்தது

அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தின் படியேறி அண்ணா சாலைக்கு வந்தபோது காலை பத்தே முக்கால். நவம்பர் மழை விட்டிருந்தது. தோளில் என் அத்தையின் லேப்டாப். சாலையோரமாகவே நடந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரிச்சி தெரு என்று சென்னைக்காரர்கள் சொல்லும்போது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, அவற்றை ஒட்டிய சந்துகள் எல்லாவற்றையும் சேர்த்தேதான் சொல்கிறார்கள். பத்தரைக்கு மேல்தான் இங்கே ஷட்டர் ஏறும். பாதிக் கடைகளில் அப்போதுதான் வாசல் தெளித்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீதிக் கடைகளில் சால்டரிங் புகை மணக்கத் தொடங்கிவிட்டது.

அத்தை விழுப்புரத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை. 2016-இல் வாங்கிய லேப்டாப்: ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "இனிமே பாதுகாப்பு கிடையாதுன்னு ஸ்க்ரீன் முழுக்க எழுத்து வருதுப்பா. தூக்கிப் போட்டுடவா?" என்று போனில் கேட்டார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றன. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அத்தையின் லேப்டாப் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். கீபோர்டு, திரை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இப்படிப்பட்ட இயந்திரங்கள் வீடுகளிலும் டியூஷன் சென்டர்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் எவ்வளவோ கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இந்தத் தெரு என்ன சொல்கிறது, உண்மையில் என்ன செய்து அனுப்புகிறது என்று பார்க்க விரும்பினேன். அத்தையின் லேப்டாப்புக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது என்று முன்பே பேசி முடிவு செய்திருந்தோம்.

"என்ன சார் வேணும்? லேப்டாப்பா, கேமராவா?" என்ற குரல்களைத் தாண்டி முதலில் நுழைந்தது பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்று. அலமாரியில் முதுகு காட்டி வரிசையாக நிற்கின்றன. 12,000 ரூபாயிலிருந்து 19,000 வரை ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் 'விண்டோஸ் 11' என்று தனிச் சீட்டு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அத்தையுடையதைப் போலவே ஆறாம் தலைமுறை. "இதுல எப்படிங்க 11 ஓடுது?" என்றேன். "ஓடும் சார். ஒரிஜினல்தான். ஆயுசுக்கும் பிரச்சினை வராது."

இயக்கிப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கினேன். ரன் பெட்டியைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் எக்ஸ்பிஆர் என்ற மூன்று எழுத்தும் சேர்த்து எண்டர் தட்டினால், விண்டோஸ் உரிமம் எதுவரை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து சொல்லும். காசு கொடுத்து வாங்கிய வீட்டு உரிமம் என்றால் நிரந்தரம் என்று வரும். இதில் வந்தது அடுத்த மே மாதத் தேதி ஒன்று. பெரிய நிறுவனங்களுக்கான உரிம முறை 180 நாளுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டியது. அந்த முறையை ஏமாற்றும் 'ஆக்டிவேட்டர்' போட்ட இயந்திரங்களில் இப்படித்தான் ஆறு மாதக் கெடு தெரியும்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய், வைரஸ் சோதனையிலிருந்து விலக்கப்பட்ட இடங்களின் பட்டியலைத் திறந்தேன். புது இயந்திரத்தில் அது காலியாக இருக்க வேண்டும். இங்கே ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். அதாவது மொத்த சி டிரைவையும் பார்க்காதே என்று விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால் காவலையே விலக்கிவிட்டார்கள். இதை வாங்கிப் போகிறவர் அதே இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பார். பச்சை நிற டிக் குறி மட்டும் 'எல்லாம் நலம்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்தார். "எல்லாருமே இப்படித்தான் சார் போடுறாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அது ஒரு தவறு என்றே அவருக்குத் தோன்றவில்லை. பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒரு பட்டியலையாவது திறந்து பாருங்கள்.

ராமும் எஸ்எஸ்டியும் வாங்க நாலு கடை ஏறி இறங்கினேன். 8 ஜிபி ராம் ஒரு கடையில் 3,200, அடுத்ததில் 2,900, மூன்றாவதில் 2,700. விலை சமீபத்தில்தான் ஏறியது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி 1,900. பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியில் வைத்துப் பயன்படுத்த ஒரு யூஎஸ்பி கேசிங் 250.

மீரான் சாகிபு தெருவில், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகலான படிக்கட்டில் ஏறிப் போனால் முதல் மாடியில் ஒரு சர்வீஸ் கடை. நீல நிற ரப்பர் விரிப்பு போட்ட மேசை, தலைக்கு மேல் வளைந்து தொங்கும் விளக்கு, ஸ்க்ரூ வைக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள். மேசைக்குப் பின்னால் இருந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லினக்ஸ் என்றதும் சிரித்தார். "எனக்கு ஸ்கூல்ல கொடுத்த இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்துச்சு சார். வந்த அன்னைக்கே அழிச்சுட்டு விண்டோஸ் மட்டும் வச்சுக்கிட்டேன்." பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம். 2011-இல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் அது விண்டோஸோடு சேர்ந்தே பிள்ளைகளின் கைக்குப் போனது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கூலி 500 என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

"டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு? டி-யைத் தொட மாட்டோம், பயப்படாதீங்க." எல்லாக் கடையிலும் சொல்லும் வாக்கியம் இது. டி டிரைவைத் திறந்தோம். 2018-இல் யாரோ போட்டுக் கொடுத்த பக்திப் பாடல்கள் தவிர ஒன்றுமில்லை. அத்தையின் உலகம் முழுவதும் டெஸ்க்டாப்பில் இருந்தது. கேள்வித்தாள்கள், ஓய்வூதியக் கடிதங்கள், பேத்தியின் படங்கள், ஆதார் நகல், எல்லாம். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் பயனர் கோப்புறையில் இருக்கும் இடம்தான். திரையில் முன்னால் தெரிவதால் அது தனி இடம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில கோப்புகளின் பக்கத்தில் சின்ன மேகக் குறி. அவை ஒன்டிரைவில் இருக்கின்றன. இந்த டிஸ்க்கில் இருப்பது பெயரும் குறியும் மட்டும். நெட் இல்லாமல் நகல் எடுத்தால் அவை வராது. கடையின் வைஃபையில் இணைத்து, அந்தக் கோப்புகளை 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று மாற்றினோம். மேகம் மறைந்து பச்சை வட்டம் வர இருபது நிமிடம் பிடித்தது. பிறகு எல்லாவற்றையும் நான் கொண்டுபோயிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைக் கடையின் வேறொரு கணினியில் செருகி, அங்கங்கே சில படங்களையும் கடிதங்களையும் திறந்து பார்த்தேன். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் எடுப்பதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் புக்மார்க்குகளையும் மறந்துவிடாதீர்கள். அவை டெஸ்க்டாப்பில் தெரிவதில்லை என்பதால் பலருக்கும் போய்விடுகின்றன.

நகல் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவி படியேறி வந்தார். கையில் புது லேப்டாப், நீலத் திரை. 48 இலக்க மீட்பு எண் கேட்டு நின்றுகொண்டிருந்தது. வேறு எங்கோ லினக்ஸைப் பக்கத்தில் போடுவதற்காக செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பை அணைத்தார்களாம், அதிலிருந்து இப்படி. "அங்க ஃபார்மெட் பண்ணினாத்தான் சரியாகும்னு சொல்லிட்டாங்கண்ணா. என் புராஜெக்ட் எல்லாம் உள்ள இருக்கு" என்று சொல்லும்போதே குரல் கம்மியது.

விண்டோஸ் 11 வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது, பிட்லாக்கர் என்ற முறையில். வாங்கியவருக்கு அது தெரிந்திருப்பதில்லை. துவக்க அமைப்பில் கை வைத்தால் யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்துச் சாவி கேட்கும். சாவி பெரும்பாலும் அந்த லேப்டாப்பை அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மாணவியின் போனிலேயே அந்தக் கணக்கைத் திறக்கச் சொன்னோம். சாதனங்கள் பகுதியில் மீட்புச் சாவிகள் என்று இரண்டு இருந்தன. நீலத் திரையில் தெரிந்த சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தும் போனில் இருந்த இரண்டாவதும் ஒத்துப்போயின. ஆறாறு இலக்கமாக அவர் படிக்கப் படிக்க, தம்பி அடித்தார். கடைசி எண்டருக்குப் பிறகு விண்டோஸ் திறந்தது. அந்தப் பெண் முதலில் செய்தது, புராஜெக்ட் கோப்புறையைத் திறந்து பார்த்ததுதான். மின்ட் போடுவதற்கு செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. அணைக்காமலே துவங்கும். சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு எதையும் தொடுங்கள் என்பதை அவரிடமும் சொன்னோம்.

எங்கள் வேலைக்குத் திரும்பினோம். தம்பி ஒரு பென்டிரைவைச் செருகினார். வென்டாய் போட்ட பென்டிரைவ்; ஒன்றிலேயே பல இயங்குதளங்கள் பட்டியலாக வந்தன. அதில் மின்ட் 20.3 இருந்தது. அந்த வரிசைக்கு 2025 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டது. பாதுகாப்பு முடிந்துபோன விண்டோஸை விட்டு, பாதுகாப்பு முடிந்துபோன லினக்ஸுக்கு மாறி என்ன பயன்? "லினக்ஸ்ல வைரஸே வராது சார். எந்த வெர்ஷனா இருந்தா என்ன?" என்றார்.

வரும். மின்ட்டுக்கே வந்திருக்கிறது. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 பதிப்பின் இறக்கச் சுட்டியை மாற்றி, பின்கதவு வைத்த பிரதி ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த நாளில் அதை இறக்கிப் போட்டவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே அடுத்தவர் கைக்குள் இருந்தார்கள். இதைச் சொன்னதும் தம்பி போனை எடுத்துத் தேடிப் பார்த்தார். "நெஜமாவே சார்" என்றார்.

2025 செப்டம்பரில் வந்த 22.2-ஐ அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்கினோம். 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அது இறங்கும் நேரத்தில் கீழே போய் டீ குடித்தோம், 15 ரூபாய். டீக்கடையில் வரி ஆலோசகர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவர் அலுவலகத்தில் எல்லாமே விண்டோஸ் 10. டாலி கணக்கு மென்பொருளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் ஓடாது. "நானும் லினக்ஸுக்கு மாறிடலாமா சார்?" மாறாதீர்கள் என்றுதான் சொன்னேன். டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. டோக்கன் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே இருக்கின்றன. அவருக்கு வேறு வழி உண்டு. விண்டோஸ் 10-க்கு நீட்டிப்புப் புதுப்பிப்பு இருக்கிறது. வீட்டுக் கணினி என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்தால் காசு இல்லாமலே 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். அலுவலகங்களுக்கு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர். அன்று நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மேலே போனபோது இறக்கம் முடிந்திருந்தது. கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க, அதன் எஸ்ஹெச்ஏ256 கூட்டெண்ணைக் கணக்கிடச் சொன்னேன். 64 எழுத்து. தளத்தில் இருந்ததை அதன் கீழே ஒட்டி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒத்திருந்தது. தளமே களவு போனால் கூட்டெண்ணையும் மாற்றிவிட முடியும் என்பதால் மின்ட் குழுவினரின் ஜிபிஜி கையெழுத்தையும் சரிபார்த்தோம். மொத்தம் ஐந்து நிமிட வேலை. "இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவைகூடப் பண்ணதில்ல" என்றார் தம்பி.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் புது ராமும் எஸ்எஸ்டியும் போட்டதும் மின்ட்டை நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை பிடித்தது. ஒலி, கேமரா, டச்பேட், வெளிச்சம் கூட்டும் விசை எல்லாம் சரி. பிரின்டருக்குத்தான் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் நாம் பார்க்கும் சில பழைய லேசர் மாடல்களுக்கு லினக்ஸ் டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்கும். இருக்கிற விண்டோஸை அழிப்பதற்கு முன், இந்தச் சோதனை ஓட்டத்திலேயே பிரின்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

நிறுவும்போது ஒரு இடத்தில் டிஸ்க்கைப் பூட்டவா என்று கேட்கும். தம்பி அதைத் தாண்டப் போனார். "வேணாம் சார், பாஸ்வேர்ட் மறந்துட்டா மொத்தமும் போயிடும்." அது உண்மைதான். ஆனால் ஆதார் நகலும் ஓய்வூதியக் காகிதமும் இருக்கும் லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால்? அத்தைக்கே போன் போட்டேன்.

"அத்தை, இனிமே திறக்கும்போது கூடுதலா ஒரு பாஸ்வேர்ட் போடணும். மறந்தா யாராலயும் திறக்க முடியாது. முடியுமா?"

"போடறேம்பா. எழுதி வச்சுக்கலாமா?"

"எழுதுங்க. லேப்டாப்ல ஒட்டாதீங்க. வீட்டுப் பத்திரம் வைக்கிற இடத்துல வைங்க."

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொற்களை அடித்தேன். பயனர் பாஸ்வேர்டுக்குத் தம்பியின் விரல் வழக்கம்போல 1234-க்குப் போனது. தானாக உள்நுழையும் தேர்வும் அவர் கைப்பழக்கம். இரண்டையும் மாற்றினோம். பன்னிரண்டு நிமிடத்தில் நிறுவல் முடிந்தது.

முதல் தடவை திறந்ததும் ஒரு வரவேற்புப் பெட்டி வருகிறது. எல்லாரும் மூடிவிடுவது போலத் தம்பியும் மூடிவிட்டார். மறுபடி திறக்கச் சொன்னேன். செய்ய வேண்டிய முக்கியமான வேலைகள் வரிசையாக அதற்குள்தான் இருக்கின்றன. ஃபயர்வால் அணைந்த நிலையில் இருந்தது. மின்ட்டில் ஆரம்பத்தில் அப்படித்தான் வரும். ஒரு பொத்தான், போட்டோம். புதுப்பிப்பு மேலாளர் கொண்டுவந்த அத்தனையையும் ஏற்றினோம். டைம்ஷிஃப்டில் ஒரு பிரதி எடுத்து வைத்தோம். டைம்ஷிஃப்ட் எடுப்பது இயங்குதளத்தின் பிரதியை மட்டும். அது இருக்கிறதே என்று உங்கள் படங்களுக்கும் கடிதங்களுக்கும் நகல் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

தமிழ் உள்ளீட்டுக்கு வந்தோம். தம்பி ஒரு வீடியோவைத் திறந்து, அதன் கீழே இருந்த நீளமான கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டப் போனார். சூடோ என்று தொடங்கும் கட்டளை இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு ஓடும். அதற்குள் எந்தத் தளத்திலிருந்து எதை இறக்குகிறது என்று நமக்கு என்ன தெரியும்? நிறுத்தச் சொன்னேன். விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு லினக்ஸில் இருக்கும் உண்மையான ஆபத்து இந்த ஒட்டும் பழக்கம்தான். தமிழில் அடிக்கத் தேவையான ஐபஸ், எம்17என் பொதிகள் மென்பொருள் மேலாளரிலேயே இருக்கின்றன. அங்கிருந்து நிறுவி, தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தோம். அத்தை விரலுக்குப் பழகிய விசைப்பலகை அதுதான்.

பழைய கேள்வித்தாள் ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. பழைய டிஸ்க்கின் ஃபாண்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து இங்கே நிறுவியதும் லிப்ரே ஆஃபிஸில் தமிழாகத் தெரிந்தது. விண்டோஸை அழித்த பிறகு தேடினால் அந்த எழுத்துரு எங்கே கிடைக்கும்?

இதற்கிடையே பக்கத்து மேசையில் ஒரு பேச்சு. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் ஒருவர் வந்திருந்தார். விண்டோஸில் கடிகாரம் தப்பாக ஓடுகிறது, வங்கித் தளம் திறக்க மறுக்கிறது. "சீமாஸ் பேட்டரி போயிடுச்சு, 150 ஆகும்" என்றார் அங்கிருந்தவர். எட்டிப் பார்த்தேன். என் கைக்கடிகாரத்தில் 3.40. அவர் திரையில் 10.10. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. பேட்டரி போனால் கடிகாரம் இவ்வளவு துல்லியமாகத் தப்பாது. பழைய ஆண்டு ஏதோ ஒன்றுக்குப் போய் நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் சரியானது. பேட்டரி தப்பியது.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். "இதைக் குடுத்துட்டா 200 கழிச்சுக்கிறேன் சார். ஃபார்மெட் பண்ணித்தான் விப்போம், ஒண்ணும் இருக்காது." ஒரு சோதனை செய்யலாமா என்று கேட்டேன். என் பென்டிரைவில் கொஞ்சம் படங்களைப் போட்டு, அவர் வழக்கமாகச் செய்யும் விரைவு ஃபார்மெட்டைச் செய்தார். திறந்தால் காலி. அதன் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை ஓட்டினோம். சில நிமிடத்தில் கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பெயர்கள் மட்டும் போய், எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக இருந்தன. ஒன்றைத் திறந்தார். மெரினாவில் என் மகன் நிற்கும் படம், ஒரு பிசிறு இல்லாமல். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேசைக்கடியில் இருந்த அட்டைப் பெட்டியைக் காட்டினார். அதில் இப்படி வாங்கிய டிஸ்க்குகள் அடுக்கியிருந்தன. அத்தையின் டிஸ்க்கை 250 ரூபாய் கேசிங்கில் போட்டுப் பைக்குள் வைத்தேன்.

ராம், எஸ்எஸ்டி, கேசிங், கூலி எல்லாம் சேர்த்து 5,350 ரூபாய். மாலை ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு வரும். அத்தைக்குச் சந்தேகம் வந்தால் விழுப்புரத்திலேயே ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கணியம் தளத்தில் தமிழிலேயே கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் அத்தையிடம் அழுத்திச் சொன்னேன். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் ஓடிபி கேட்டாலோ, திரையைப் பகிரச் சொன்னாலோ, லினக்ஸ் உங்களைக் காப்பாற்றாது. போனை வைத்துவிடுங்கள், பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் வீட்டு லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப் போகும்போது 'சாயந்திரம் வந்து வாங்கிக்கிறேன்' என்று விட்டுவிட்டு வராதீர்கள். நகலை நீங்களே எடுத்து, திறந்து பாருங்கள். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 200 ரூபாய்க்காக அதை அங்கே விட்டுவிடாதீர்கள்.